வாசகர் கேள்வி–பதில்: வெளியுறவைப் பற்றி அவையில் கேட்பது எப்படி?

சென்ற இதழில் மீனவர் கைதுகளைப் பற்றி எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, "எங்கள் எம்.பி. கேட்டும் பயனில்லையே" என்ற ஒரே ஆதங்கத்தைத்தான் சொன்னன. ஆகவே இம்முறை சினிமா, கிரிக்கெட் கேள்விகளுக்கு விடுப்புக் கொடுத்துவிட்டு, வெளியுறவுக் கொள்கை குறித்து மக்கள் பிரதிநிதிகள் அரசைக் கேள்வி கேட்கும் முறையைப் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் எங்கள் பகுதி மீனவர்கள் காயம்பட்டார்கள். எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்டால் வெளியுறவு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டுமா? விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லலாமா?
— விசைப்படகுத் தொழிலாளி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்

பதில்: முறையாக ஏற்கப்பட்ட கேள்வி என்றால் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு சொல்வது என்பதில் அமைச்சருக்குத் தாராளமான இடம் உண்டு. நீங்கள் குறிப்பிடும் நாளில் படகில் இருந்த பதின்மூன்று பேரில் ஐந்து பேர் காயமடைந்தார்கள், அவர்களில் இருவருக்குக் கடுமையான காயம். டெல்லியில் உள்ள இலங்கையின் தற்காலிகத் தூதரை வெளியுறவு அமைச்சகம் அழைத்துக் கண்டனம் தெரிவித்தது. அது அரசு தன் பொறுப்பில் செய்தது. நாடாளுமன்றத்தில் கேட்கப்படும் கேள்வியின் வழி வேறு.

உறுப்பினர் தம் கேள்வியைக் குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். அது 150 சொற்களுக்கு மேல் போகக்கூடாது. வந்து குவியும் கேள்விகளில் எது முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறி பெற்று வாய்மொழிப் பதிலுக்கு வரும். 230 கேள்விகள் குறியில்லாமல் எழுத்துப் பதிலோடு முடிந்துவிடும். மாநிலங்களவையில் இந்த எண்ணிக்கை 15, 160. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு முறை நாள் உண்டு; அண்மை ஆண்டுகளில் வெளியுறவு அமைச்சகம் மாநிலங்களவையில் வியாழனன்றும் மக்களவையில் வெள்ளியன்றும் பதில் சொல்லி வருகிறது. (வெள்ளிக்கிழமை என்றால் பல உறுப்பினர்களின் மனம் ஊருக்குப் புறப்படும் விமானத்தில் இருக்கும் என்பது என் சொந்தக் குறும்பு, அவைக் குறிப்பில் அது பதிவாகாது.)

நட்சத்திரக் குறியின் மதிப்பு துணைக் கேள்வியில்தான் இருக்கிறது. எழுதிக் கொடுத்த பதிலை அமைச்சர் மேசையில் வைத்த பிறகு, கேட்டவர் எழுந்து இரண்டு துணைக் கேள்விகள் கேட்கலாம். அவைத் தலைவர் அனுமதித்தால் மற்றவர்களும் கேட்கலாம். அதற்கு அதிகாரிகள் எழுதித் தந்த தாள் அமைச்சரின் கையில் இருந்தாலும், எந்தத் திசையிலிருந்து கேள்வி வரும் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. கேள்வி நேரம் எனப்படும் ஒரு மணி நேரத்தில் அந்த இருபதில் ஐந்தாறு கேள்விகளைத் தாண்டுவதே அரிது என்பதால், குலுக்கலில் பதினைந்தாவதாக வந்த கேள்விக்கு நட்சத்திரம் இருந்தும் வெளிச்சம் கிடைப்பதில்லை. அதுவும் எழுத்துப் பதிலாகவே கோப்பில் சேர்ந்துவிடும்.

துப்பாக்கிச் சூடு நடந்தால் பதினைந்து நாள் காத்திருக்க முடியாதே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அதற்கென்று சில வழிகள் உண்டு. குறுகிய கால அறிவிப்புக் கேள்வி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அமைச்சர் சம்மதித்தால்தான் அது எடுத்துக்கொள்ளப்படும். அவசர விஷயங்களை எழுப்ப விடும் பூஜ்ய நேரத்தில் எழுந்து பேசலாம், ஆனால் அமைச்சர் உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இவற்றுள் கூர்மையானது கவன ஈர்ப்புத் தீர்மானம்: அது ஏற்கப்பட்டால் அமைச்சர் அவையில் அறிக்கை தர வேண்டும், பெயர் கொடுத்த உறுப்பினர்கள் விளக்கம் கேட்கலாம். இது வேறெந்த நாட்டிலிருந்தும் நாம் இரவல் வாங்கியதன்று, 1954இல் நம் நாடாளுமன்றமே தனக்கென உருவாக்கிக்கொண்ட முறை.

கேள்வி: நாடாளுமன்ற இணையதளத்தில் மீனவர்கள் பற்றிய பழைய பதில்களைத் தேடிப் படித்தேன். "உயர்மட்டத்தில் இலங்கை அரசிடம் எடுத்துரைக்கப்பட்டு வருகிறது" என்ற ஒரே வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது. கேள்வி கேட்பதால் என்ன பயன்?
— கல்லூரி மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பழைய பதில்களைத் தேடிப் படிக்கும் பொறுமை உங்களுக்கு வாய்த்ததற்கு முதலில் என் பாராட்டு. இன்னொரு முறை படிக்கும்போது பதிலை விட்டுவிட்டுக் கேள்வியைப் பாருங்கள். பெரும்பாலும் அது இப்படித்தான் இருக்கும்: "மீனவர்கள் கைதாவதை அரசு அறியுமா, அறியுமெனில் அதன் விவரம் என்ன, அரசு எடுத்துள்ள நடவடிக்கை என்ன, எடுக்கவில்லையெனில் காரணம் என்ன?" இந்த வாய்பாட்டில் எந்தத் துறைக்கும் எந்த ஊருக்கும் கேள்வி தயாரித்துவிடலாம்; அதே போல எந்த அதிகாரியும் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் தயாரித்துவிடலாம். "ஆம். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது. கடைசிக் கேள்வி எழவில்லை." இதில் பொய் ஏதும் இல்லை, தகவலும் இல்லை.

வெளியுறவுத் துறையின் தொழிலே சொற்களை அளந்து பேசுவதுதான். அவர்களிடம் கருத்தைக் கேட்டால், இரு நாட்டு உறவின் நெருக்கத்தைப் பற்றி ஒரு பத்தி கிடைக்கும். தேதியையும் எண்ணிக்கையையும் கேட்டால் ஒளிய இடம் குறைவு. உங்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2016 நவம்பரில் டெல்லியில் இரு நாட்டு அமைச்சர்களும் பேசி, மீனவர் சிக்கலுக்கென்று ஒரு கூட்டுப் பணிக்குழுவை அமைத்தார்கள். அக்குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும் என்று அறிவித்தார்கள். முதல் கூட்டம் அந்த ஆண்டின் கடைசி நாளில் நடந்தது. ஆறாவது கூட்டம் கொழும்பில் நடந்தது 2024 அக்டோபர் 29 அன்று. மூன்று மாதக் கணக்குப்படி அதற்குள் முப்பதைத் தாண்டியிருக்க வேண்டிய கூட்டம் அன்று ஆறில்தான் நின்றது. இடையில் பெருந்தொற்று வந்தது, இலங்கையில் பொருளாதாரமும் ஆட்சியும் கவிழ்ந்தன என்பதையெல்லாம் கழித்தாலும் மீதி நிறைய இருக்கிறது.

இப்போது உறுப்பினர் எழுதித் தர வேண்டிய கேள்வியைப் பாருங்கள்: கூட்டுப் பணிக்குழு தொடங்கிய நாள் முதல் எந்தெந்தத் தேதிகளில் கூடியது; மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்ற ஏற்பாட்டை எந்தத் தரப்பு எப்போது கைவிட்டது; இன்றைய தேதியில் இலங்கையின் பிடியில் உள்ள இந்தியப் படகுகள் எத்தனை, அவற்றில் அந்நாட்டு நீதிமன்றங்கள் அரசுடைமையாக்கியவை எத்தனை; கைதான மீனவர்களை இந்தியத் தூதரக அதிகாரி முதன்முதலில் சந்திக்கச் சராசரியாக எத்தனை நாட்கள் ஆகின்றன? நூற்றைம்பது சொற்களுக்குள் இது தாராளமாக அடங்கும். இதற்கும் "உயர்மட்டத்தில்" என்று ஒரு வரியைப் பதிலாகத் தந்தால், பதில் சொல்லவில்லை என்பது படிக்கிற எவருக்கும் தெரிந்துவிடும். அமைச்சர் ஜெய்சங்கர் 2024 ஏப்ரலில், கடந்த 20 ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்களை இலங்கை சிறைப்பிடித்தது, 1,175 படகுகளைக் கைப்பற்றியது என்று எண்ணிக்கையோடு சொன்னார். கணக்கு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அந்த நாள் அவர் அதைச் சொன்னது தேர்தல் நேரத்துச் செய்தியாளர் சந்திப்பில் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அமைச்சர் அவையில், "இது பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும்", "விசாரித்துச் சொல்கிறேன்" என்றெல்லாம் சொன்னால், அவை வெறும் உபசார வார்த்தைகள் அல்ல. அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று மக்களவையில் 1953 முதல் இருக்கிறது. அமைச்சரின் வாயிலிருந்து வரும் இத்தகைய சொற்றொடர்களைப் பொறுக்கியெடுத்து, உறுதிமொழி என்று பதிவு செய்து, மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றினீர்களா என்று கேட்பதே அதன் வேலை. கைவிட வேண்டும் என்றால் அமைச்சகம் அந்தக் குழுவிடம் காரணம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். குழு மறுக்கவும் செய்யலாம். கேள்வி கேட்ட உறுப்பினர் அன்று மாலை தொலைக்காட்சியில் பேசிவிட்டு மறந்துபோன விஷயத்தை இந்தக் குழு ஆண்டுக்கணக்கில் மறக்காமல் வைத்திருப்பதும் உண்டு. நம் பகுதி உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும், கேள்வி கேட்பதில் காட்டும் சுறுசுறுப்பில் பாதியை இந்தக் குழுவுக்குக் கடிதம் எழுதுவதில் காட்டினால் நன்றாக இருக்கும் என்பது என் நெடுநாள் புலம்பல்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடும் கேள்வி ஏற்கப்படாது என்று மக்களவை விதிகளிலேயே இருக்கிறது. அமைச்சரவைக்குள் நடந்த விவாதத்தையும், குடியரசுத் தலைவருக்கு அளிக்கப்பட்ட ஆலோசனையையும் கேட்க முடியாது. ஆகவே மேடையில் பேசும் வேகத்தில் கேள்வியை எழுதிக் கொடுக்கும் உறுப்பினருக்குப் பதில் கிடைப்பதில்லை, கேள்வியே திரும்பிவிடுகிறது.

கேள்வி: கச்சத்தீவைக் கொடுத்தபோது நாடாளுமன்றத்தைக் கேட்டார்களா, இல்லையா? எங்கள் டீக்கடையில் இதற்குத் தீர்ப்பு வரவில்லை.
— வணிகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கேட்கவில்லை, சொன்னார்கள். 1974 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் நாடாளுமன்றத்தில் அறிக்கை படித்தார். அமைச்சர் தாமாக அறிக்கை தரும்போது அப்போதே கேள்வி கேட்கக் கூடாது என்பது மக்களவை விதி. இருந்தும் இராமநாதபுரம் உறுப்பினர் பி.கே. மூக்கையாத் தேவரும், தி.மு.க.வின் இரா. செழியனும் அன்று எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். தமிழகச் சட்டமன்றம் ஆகஸ்ட் மாதத்தில் ஒப்பந்தத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது.

நம் அரசியலமைப்பில் பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்வது ஒன்றிய அரசின் அதிகாரம். ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் வாக்களித்து ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்ற உள்நாட்டில் சட்டம் தேவைப்பட்டால்தான் 253ஆம் பிரிவின் வழியே அது நாடாளுமன்றத்துக்கு வருகிறது. இதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு, நிலத்தை விட்டுக்கொடுப்பது. பெருபாரி என்ற பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க நேரு ஒப்புக்கொண்டபோது, இந்திய நிலத்தை அயல்நாட்டுக்குக் கொடுக்க அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்று 1960இல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதே ஆண்டு ஒன்பதாவது திருத்தம் வந்தது.

இங்கேதான் டீக்கடைக்குத் தேவையான சுவாரசியமான ஒப்பீடு இருக்கிறது. 1974 மே மாதத்தில் இந்திரா காந்தி வங்கதேசத்தோடு நில எல்லை ஒப்பந்தம் ஒன்றைச் செய்தார். சுமார் ஆறு வாரத்தில் இலங்கையோடு கச்சத்தீவு ஒப்பந்தத்தைச் செய்தார். வங்கதேச ஒப்பந்தம் நிலப் பரிமாற்றம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டதால், அது முழுமையாக நடைமுறைக்கு வர நாற்பத்தொரு ஆண்டுகள் காத்திருந்து, 2015இல் நூறாவது அரசியலமைப்புத் திருத்தத்தோடுதான் நிறைவேறியது. கச்சத்தீவு, "எவருடையது என்று முடிவாகாத இடம், ஆகவே இது விட்டுக்கொடுத்தல் அன்று, எல்லை வரைதல்" என்று விளக்கப்பட்டது. அந்த ஒரு சொல்மாற்றத்தால் நாடாளுமன்ற வாக்கெடுப்பே தேவையற்றதாகிவிட்டது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் ஆவணங்களை வைத்துத் தீவு இந்தியாவுடையதே என்று வாதிடுகிறவர்கள் அந்தச் சொல்லைத்தான் தாக்குகிறார்கள்.

1976 மார்ச்சில் கடிதப் பரிமாற்றத்தின் மூலம் மீன்பிடி எல்லையும் வரையறுக்கப்பட்டது. அது அவசரநிலைக் காலம். தமிழகச் சட்டமன்றம் கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1974இல் கேட்பதற்காவது ஆள் இருந்தார்கள்.

கேள்வி: புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்ததும் ஒரு வெளிநாட்டு ஒப்பந்தம்தானே? அதை எந்த நாடாளுமன்றம் கேள்வி கேட்டது?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: பிரெஞ்சு நாடாளுமன்றம்தான். இதைக் கேட்டதற்காக உங்களுக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு காபி கடன்பட்டிருக்கிறேன். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று சட்டப்படியான ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஆனால் பிரான்சில் தேசத்தின் நிலப்பகுதியை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் செல்லாது. அல்ஜீரியப் போர் எரிந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஒரு குடியேற்றத்தை விட்டுக்கொடுக்கும் ஆவணத்தை அவைக்குக் கொண்டுபோக அங்கே எந்த அரசுக்கும் துணிவில்லை. அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962இல்தான் பாரிஸில் ஒப்புதல் கிடைத்தது. ஆகஸ்ட் 16 அன்று இரு நாடுகளும் ஏற்பு ஆவணங்களைப் பரிமாறிக்கொண்டன. அந்த நாளை நாம் ஆண்டுதோறும் கீழூரில் நினைவுகூர்கிறோம்.

டெல்லியின் தரப்பில் கையெழுத்திடவும் ஏற்கவும் அவ்வாறான வாக்கெடுப்பு தேவைப்படவில்லை. நிலத்தைக் கொடுப்பதற்குத்தான் நம்மிடம் தடை, வாங்குவதற்கு இல்லை. பிறகு 1962 டிசம்பரில் பதினான்காவது திருத்தத்தின் மூலம் புதுச்சேரி ஒன்றியப் பகுதிகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆக, நம் ஊரின் எட்டாண்டுத் திரிசங்கு நிலைக்குக் காரணம், ஒரு நாட்டில் அவை கேட்கப்பட வேண்டியிருந்ததும் மறுநாட்டில் அப்படி இல்லாததும்தான்.

இதற்கு இன்றும் ஒரு வால் தொங்குகிறது. அந்த ஒப்பந்தப்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் நம்மிடையே வாழ்கின்றன. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கென 2012 முதல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் பதினோரு தொகுதிகள் உள்ளன. இந்தியா பதினோராவது தொகுதியில் வருகிறது. ஆக, புதுச்சேரியின் ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் தம் குறையை டெல்லி மக்களவை உறுப்பினரிடமும், பக்கத்து வீட்டுக்காரர் பாரிஸ் உறுப்பினரிடமும் சொல்லலாம். பிரெஞ்சு அரசு தன் படையை வெளிநாட்டில் இறக்கினால் மூன்று நாட்களுக்குள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நான்கு மாதத்தைத் தாண்டினால் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2008இல் அவர்கள் தங்கள் அரசியலமைப்பில் எழுதிக்கொண்டார்கள். நம்மிடம் அப்படி ஒரு விதி கிடையாது.

கேள்வி: புதுச்சேரி சட்டமன்றத்தில் வெளியுறவுத் துறையைக் கேள்வி கேட்க முடியாதா?
— வாசகர், இலாசுப்பேட்டை

பதில்: முடியாது. வெளியுறவு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் அமைச்சர் நம் சட்டமன்றத்தில் இல்லை. மீன்வளத் துறை அமைச்சரிடம் நிவாரணத்தைப் பற்றியும் படகுப் பதிவைப் பற்றியும் கேட்கலாம். தீர்மானம் நிறைவேற்றி டெல்லிக்கு அனுப்பலாம். அது கட்டளை ஆகாது. ஆனாலும் சில நேரம் பலிக்கும். இலங்கைக்கு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்ப அனுமதி கேட்டு 2022 ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது; மே மாதத்திலேயே கப்பல் புறப்பட்டது. 2013 மார்ச்சில் ஈழம் குறித்த பொதுவாக்கெடுப்பைக் கோரிப் போட்ட தீர்மானம் கோப்போடு நின்றது. பொருளை அனுப்புவது எளிது, கொள்கையை மாற்றுவது அவ்வளவு எளிதன்று.

கேள்வி: வெளிவிவகாரத்தில் ரகசியங்கள் இருக்கும். எல்லாவற்றையும் அவையில் போட்டு உடைத்தால் நாட்டுக்குக் கேடு அல்லவா?
— முன்னாள் ராணுவ வீரர், நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் கவலை நியாயமானது. அதற்காகவே நிலைக்குழு இருக்கிறது. 1993இல் துறைவாரியான நிலைக்குழுக்கள் வந்தபோது வெளியுறவுக்கும் ஒன்று அமைந்தது. மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10 என 31 உறுப்பினர்கள். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. மூடிய அறையில் கூட்டம் நடக்கும். வெளியுறவுச் செயலரே வந்து உட்கார்ந்து பதில் சொல்வார். கேமரா இல்லாததால் உறுப்பினர்கள் கட்சிக்காகக் கத்த வேண்டிய தேவையும் குறைவு. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானோடு மோதல் நின்ற சில நாட்களில், அப்போதைய செயலர் விக்ரம் மிஸ்ரி இக்குழுவின் முன் வந்து விளக்கம் தந்தார். அவையில் விவாதம் நடக்க ஜூலை இறுதி ஆகிவிட்டது. இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற டோக்லாம் நெருக்கடிக்குப் பிறகு சீன உறவைப் பற்றி 2018இல் இக்குழு அளித்த அறிக்கை, கேள்வி நேரத்துப் பதில்கள் பலவற்றைச் சேர்த்து வைத்தாலும் கிடைக்காத அளவு செய்தி கொண்டது. (அமைச்சரே தலைமை தாங்கும் ஆலோசனைக் குழு என்று ஒன்றும் உண்டு, கேட்க வேண்டியவர் தலைமையில் கேள்வி கேட்கும் அந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிப்பதில்லை.)

குறை என்னவென்றால், குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. பணத்தை வைத்துக் கேள்வி கேட்கலாம் என்றால் அதுவும் அவையில் நழுவுகிறது. 2025–26 நிதியாண்டுக்கு வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 20,516 கோடி ரூபாய். இந்தச் செலவுக்கு அவையின் அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கையைக் குழு வரிவரியாகப் பார்க்கிறது. மக்களவையிலோ நேரமில்லை என்று பெரும்பாலான துறைகளோடு சேர்த்து விவாதமின்றி ஒரே வெட்டாக நிறைவேற்றிவிடுகிறார்கள். அதற்குக் கில்லட்டின் என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

கேள்வி: கேள்வி கேட்டதால் வெளியுறவுக் கொள்கை மாறிய வரலாறு உண்டா?
— போட்டித் தேர்வு மாணவர், கடலூர் முதுநகர்

பதில்: முழுக் கொள்கையும் தலைகீழாக மாறியதாகச் சொல்ல மாட்டேன், ஆனால் மறைந்திருந்தது வெளியே வந்த வரலாறு உண்டு. இந்தியா தன்னுடையது என்று கொண்ட அக்சாய் சின் பகுதி வழியே சீனா சாலை போட்ட செய்தி 1959 ஆகஸ்ட் இறுதியில் உறுப்பினர்கள் கேட்ட பிறகுதான் நேருவின் வாயிலிருந்து அவைக்கு வந்தது. அடுத்த பத்து நாட்களில், சீனாவோடு நடந்த கடிதப் போக்குவரத்தை வெள்ளை அறிக்கையாகவே அவர் அவையில் வைத்தார். பிரதமரும் வெளியுறவு அமைச்சரும் ஒருவராக இருந்த காலம் அது. அவரே எழுந்து மணிக்கணக்கில் பதில் சொன்னார் என்பதை அவருடைய எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். 1962இல் சீனாவோடு நடந்த போருக்குப் பிறகு 1963 ஆகஸ்டில் ஆச்சாரிய கிருபளானி கொண்டுவந்ததே நம் மக்களவையின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவாக 62 வாக்கு, எதிராக 347. அரசு அசையவில்லை, என்றாலும் தோல்விக்கு அவையில் நின்று கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

2003 ஏப்ரலில் ஈராக் போரைப் பற்றி மக்களவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்காவைக் கண்டிப்பதா, வருத்தம் தெரிவிப்பதா என்ற இழுபறியை மொழிபெயர்ப்பில் தீர்த்தார்கள்: இந்தியில் "நிந்தா" என்ற கனமான சொல், ஆங்கிலத்தில் அதைவிட மெலிந்த ஒரு சொல். எதிர்க்கட்சிகள் இந்தியைப் படித்தன, தூதரகங்கள் ஆங்கிலத்தைப் படித்தன.

அமெரிக்காவோடு செய்த அணுசக்தி உடன்பாட்டைத் தேர்வுக்காக நீங்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அந்த உடன்பாட்டை அமெரிக்காவில் கீழவையும் செனட்டும் தனித்தனியே வாக்கெடுத்து 2008 அக்டோபர் தொடக்கத்துக்குள் ஏற்றன. இங்கே உடன்பாட்டின் மீது வாக்கெடுப்பே கிடையாது. இடதுசாரிகள் ஆதரவை விலக்கியதால், ஜூலை 22 அன்று மன்மோகன் சிங் அரசின் மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்து, 275க்கு 256 என்று அரசு பிழைத்தது. அதாவது, நம் உறுப்பினர் ஓர் ஒப்பந்தத்தைத் தடுக்க விரும்பினால் அரசையே கவிழ்க்க வேண்டும். கவிழ்க்க மனமில்லை என்றால் ஒப்பந்தத்தை விழுங்க வேண்டும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒப்பந்தம் 21 அமர்வு நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் கிடக்க வேண்டும். 2013 ஆகஸ்டில் சிரியா மீது படை நடவடிக்கைக்குப் பிரதமர் கேமரன் கேட்ட ஒப்புதலை 285க்கு 272 என்று அங்கே கீழவை மறுத்தது. அவர் அந்த முயற்சியைக் கைவிட்டார், ஆட்சி கவிழவில்லை. அரசுக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் இப்படி ஒரு படி நமக்கும் வேண்டும் என்று ஒப்பந்தங்களுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கோரி, அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள் வந்தன; எந்த ஆட்சியிலும் அவை சட்டமாகவில்லை. ஆட்சிக்கு வந்தபின் எல்லாக் கட்சிகளுக்கும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து ஒன்றாகிவிடுகிறது.

கேள்வி: என் தம்பியின் படகு பிடிபட்டு நிற்கிறது. நான் எம்.பி.க்கு எழுதினால் என்ன எழுத வேண்டும்?
— மீன் வியாபாரம் செய்யும் பெண்மணி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அம்மா, பொதுவாகக் "காப்பாற்றுங்கள்" என்று எழுத வேண்டாம், அப்படி வரும் கடிதம் அப்படியே அமைச்சகத்துக்கு அனுப்பப்பட்டு, ஒரு நன்றிக் கடிதத்தோடு முடியும். படகின் பதிவு எண், பிடிபட்ட தேதி, பிடிபட்டபோது படகில் இருந்தவர்களின் பெயர்கள், இலங்கையில் எந்த நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது, அடுத்த விசாரணை எப்போது, இதுவரை தூதரக அதிகாரி யாராவது பார்த்தார்களா — இவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுத்த மனுவின் நகலை இணையுங்கள். கூட்டத்தொடர் தொடங்கும் தேதி செய்தித்தாளில் வந்தவுடன் உறுப்பினரின் அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். பதினைந்து நாள் கணக்கு இருப்பதால், கூட்டம் தொடங்கிய பிறகு கொடுத்தால் அந்தத் தொடரில் கேள்வி ஏறுவது கடினம். எழுத்துப் பதிலுக்கான குறியில்லாக் கேள்வியாகவே போடச் சொல்லுங்கள். குலுக்கலில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதில் கூடுதல். பதில் வந்ததும் அதன் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் "தகவல் திரட்டப்படுகிறது" என்று இருந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து அதே அலுவலகத்துக்கு மறுபடி போங்கள்.

(அடுத்த இதழில் சினிமாக் கேள்விகள் வழக்கம்போல் இடம்பெறும்.)